ஆய்வுக்குட்பட்ட வியாபாரி எழுதிக்கொள்வது

போடிநாயக்கனூர்,
புதன்கிழமை, கடை சாத்திய பிறகு

மதிப்புக்கும் பாசத்துக்கும், இந்த நிமிடத்தில் என் கோபத்துக்கும் உரிய மாப்ளே, பேராசிரியர் ஈஸ்வரனுக்கு, உன் அக்காளைக் கைப்பிடித்த தவசி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்காள் காளீஸ்வரியும் சுகம், சென்னையில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மலைமேல் இருக்கும் நம்ம பரமசிவன் துணை என்று எழுதிவிட்டு, எழுதியதை நானே அடித்தேன். ஏனென்றால் இந்த வீட்டில் இப்போது ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத முடியாது. சுகம் என்றால் எதை வைத்துச் சொல்கிறீர்கள், உங்களைத் தவிர வேறு யாராவது அப்படிச் சொன்னார்களா என்று உன் அக்காள் கேட்பாள். ஆகவே திருத்திக்கொள்கிறேன். உன் அக்காள் சுகம், அதற்குத் தெருவே சாட்சி. நான் சுகமில்லை, அதற்கு இந்தக் கடிதம் சாட்சி. போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறானே என்று யோசிக்காதே. போனில் பேசினால் அவள் காதில் விழும். வாட்சப்பில் அனுப்பலாம் என்றால், நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் என் போனை அவள் படித்து முடித்துவிடுகிறாள்.

முக்கியமான கருத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நீதானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். நானும் சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை உன் அக்காள் தன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டுரை அனுப்பப் போகிறாள். நீ ஒரு வார்த்தை சொல்லி அந்தக் கட்டுரையின் விஷயத்தை மாற்ற வைக்க வேண்டும். அதில் நான் இருக்கிறேன். நல்லபடியாக இல்லை.

இதெல்லாம் உன்னால் வந்த வினை. மகள் முத்துப்பிரியா கல்யாணத்துக்கு வந்தவன், மாமன் சீரைச் செய்தோமா, பந்தியில் உட்கார்ந்தோமா, மதுரை ரயிலைப் பிடித்தோமா என்று போயிருக்க வேண்டும். நீ என்ன செய்தாய்? மறுவீட்டுப் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, நீ பன்னெண்டாவதோட நின்னுருக்கக் கூடாதுக்கா. இப்பத்தான் பிள்ளயக் கட்டிக் குடுத்தாச்சுல்ல, தபால்ல ஒரு டிகிரி படி" என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன். வாயில் பணியாரம் இருந்தது, மாப்ளே. வாய் காலியாக இருந்திருந்தால் இந்தக் குடும்பத்தின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும்.

புத்தகங்கள் கூரியரில் வந்தன. அதில் கட்டுரை எழுதுவது எப்படி, தானாகவே படிப்பது எப்படி என்று ஒரு மெல்லிய கையேடு. அதைத்தான் முதலில் படித்தாள். படிப்பதற்கென்று ஓர் இடம் வேண்டுமாம், ஒரு நேரம் வேண்டுமாம், குறுக்கீடு இல்லாமல் தனியாக உட்கார வேண்டுமாம். எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, நிச்சயமாக எங்கள் தெருவில் குடியிருந்தவர் இல்லை. முத்துப்பிரியா இருந்த அறையைப் பெருக்கி, மேசை போட்டு, காலைப் பத்து மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் தெருவில் ஒரு பொம்பளை பகலில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தால் அதற்கு மூன்றே அர்த்தம். உடம்பு சரியில்லை, புருசனோடு சண்டை, அல்லது உறவில் சாவு. சாவென்றால் தகவல் வந்திருக்கும். ஆகவே எதிர்வீட்டு ஜக்கம்மாள் அக்கா முதல் இரண்டில் எது என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாக ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"உள்ள என்னப்பு பண்றா?"

"படிக்கிறாக்கா."

"படிக்கிறவ எதுக்குக் கதவச் சாத்தணும்? நீ அடிச்சயா?"

நான் அடித்தேனா. இந்த ஊரில் நான் கை ஓங்கியது கொசுவைத் தவிர வேறு எதன்மேலாவது உண்டா. அதைச் சொன்னால், "கைய ஓங்கலைன்னா வாய விட்டுருப்ப" என்று சொல்லி ஆரஞ்சை என் கையில் கொடுக்காமல் சன்னல் வழியாக அவளிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் அடுத்த வீடு. அதற்கடுத்த நாள் ராசிங்காபுரத்திலிருந்து என் சித்தி மகன், பஸ்சை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, "எதாயிருந்தாலும் பேசித் தீத்துக்கிடலாம்ண்ணே" என்று தோளில் கை போடுகிறான். அவள் தானாகவே படித்த முதல் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டம் முத்துப்பிரியா கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. நானும் உதவத்தான் பார்த்தேன். நாற்காலியைப் போட்டு அவள் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவனிடமெல்லாம், "சத்தம் போடாதீக, உள்ள அவ படிக்கிறா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கதவு திறந்தது. "ஏங்க, மத்தவங்க சத்தமெல்லாம் கேக்கல. நீங்க சத்தம் போடாதீங்கன்னு சொல்றது மட்டுந்தான் கேக்குது. கடைக்குப் போங்க" என்றாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் வீட்டிலிருந்தே என்னை வெளியேற்றிய முதல் கையேடு அது.

பிறகு முதல் கட்டுரை வந்தது. ஓர் ஊரின் போக்குவரத்து மாறினால் ஊர் மாறுமா என்று விவாதித்து எழுத வேண்டும். நமக்குத்தான் ரயில் நின்று, பல வருடம் தண்டவாளமே இல்லாமல் கிடந்து, திரும்ப வந்திருக்கிறதே, அதையே எழுது என்றேன். அவளும் எழுத உட்கார்ந்தாள். ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டாள். அப்போது நான் செய்ததை நீ குற்றம் என்கிறாய், அவளும் குற்றம் என்கிறாள். மாப்ளே, என் தொழில் என்ன? குரங்கணியிலிருந்தும் போடிமெட்டுப் பக்கமிருந்தும் சின்னச் சின்ன வெள்ளாமைக்காரர்கள் ஜீப்பில் ஏலக்காய் மூட்டை கொண்டுவருகிறார்கள். ஒருத்தர் காய் தனியாக ஏலத்துக்குப் போகக் காணாது. நான் பத்துப் பேர் காயை வாங்கி, ஒன்றாகக் கொட்டி, ஒரே லாட்டாக ஆக்கி அனுப்புகிறேன். ஒருத்தரால் முடியாததைப் பத்துப் பேராகச் செய்வதுதான் இந்த ஊரின் வழி. கட்டுரைக்கு மட்டும் வேறு வழியா?

சவுகத் அலி டீக்கடையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலத்தில் கட்டுரையைச் சேர்த்துவிட்டேன். ரயில் வந்தபின் காலையில் எத்தனை பேர் டீ குடிக்கிறார்கள் என்று சவுகத் அலி ஒரு பத்தி. தன் தங்கச்சி மகன் மதுரையில் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது ரயிலைத் தவறவிட்டு, அதனால் வேலை கிடைக்காமல், அதனால் நல்ல பெண் கிடைத்தது என்று ஜக்கம்மாள் அக்கா ஒரு பத்தி. எனக்கு நாலு கடை தள்ளிக் காய் வாங்கும் பால்சாமி, ரயில் வந்ததே தான் கொடுத்த மனுவால்தான் என்று ஒன்றரைப் பத்தி. முகப்புக்கு நான். "உலகம் தோன்றிய நாள் முதலாய் மனிதன் நடந்துகொண்டே இருக்கிறான்" என்று ஆரம்பித்தேன். நல்ல பருத்த பச்சைக் காயை மேலே பரப்பினால்தானே வாங்குகிறவன் கை வைப்பான். அவள் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். தெருவே எழுதிக் கொடுத்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் நாளைக்கு யார் முகத்தில் முழிப்பது? அனுப்பிவிட்டாள்.

திரும்பி வந்தது. அடியில் அந்த ஆசிரியர் எழுதியிருந்தார்: "இந்தக் கட்டுரையில் முதல் பத்திக்கும் இரண்டாம் பத்திக்கும் அறிமுகமே இல்லை. இதில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இவர்களில் நீங்கள் யார்? அடுத்த கட்டுரையையாவது தனியாக எழுதுங்கள். அதுவும் இப்படி வந்தால் இந்த ஆண்டுக்கான மதிப்பெண் கிடையாது." எனக்கு வந்த ஆத்திரம் உனக்குப் புரியாது. முகத்தைப் பார்த்ததில்லை, ஊரைப் பார்த்ததில்லை, எங்கேயோ உட்கார்ந்துகொண்டு பத்து மூட்டைக் கலப்பை அந்த மனிதர் எப்படிக் கண்டுபிடித்தார்? ஏலத்தில் உட்காருகிற பெரிய பெரிய ஆட்களே என் லாட்டில் கலப்பைக் கண்டுபிடித்ததில்லை. (இந்த வாக்கியத்தை நீ படித்ததும் மறந்துவிட வேண்டும்.)

அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு, "இவர்களில் நீங்கள் யார்னு கேட்டுருக்காரு, பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னாள். நீ போனில் வந்தாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்து, கறி ஆறி, எண்ணெய் உறைகிற வரைக்கும் பேசினாய். கட்டுரை என்றால் ஒரு கேள்வியாம். அந்தக் கேள்விக்கு எழுதுகிறவளின் சொந்தப் பதிலாம். பதிலுக்கு ஆதாரமாம். கடைசியில், இவள் சொல்வதை மறுக்கிறவன் என்ன சொல்வான் என்பதையும் அவன் சொல்கிற மாதிரியே நேர்மையாக எழுத வேண்டுமாம். நீ பாடம் நடத்திவிட்டுப் போனை வைத்துவிட்டாய். ஆறின கறியைத் தின்றவன் நான். அதைவிட, அந்தப் பாடத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் நான்.

என் குணம் உனக்குத் தெரியும். நாலு கடை ஏறி இறங்கி, நாலு விஷயம் சேகரித்து, ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் வீட்டில் கொண்டுவந்து கொட்டினால்தான் எனக்குப் பசிக்கும். அவளும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். இப்போது போடிமெட்டுச் செக்போஸ்ட் மாதிரி வாசலிலேயே மறிக்கிறாள். பால்சாமி கடன் வாங்கித்தான் மாடி கட்டினான் என்று போன வாரம் ஆரம்பித்தேன்.

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊர்ல யாரு?"

"சவுகத் அலி சொன்னான்."

"அவருக்கு யாரு சொன்னா?"

நன்றாக யோசித்துப் பார்த்தேன், மாப்ளே. அவனுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். எனக்கு யார் சொன்னது என்று பின்னோக்கிப் போனால், பால்சாமி வீட்டுக்குச் சாயம் அடித்த அன்று எனக்கே தோன்றிய மாதிரி இருக்கிறது. அப்படியே கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. ஜக்கம்மாள் அக்கா நிலைமை இன்னும் மோசம். யாரோ வீட்டுப் பெண் யாருடனோ ஜீப்பில் போனதை மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தவளை நிறுத்தி, "அக்கா, இது நீங்க பாத்ததா, கேட்டதா, நெனச்சதா?" என்று இவள் கேட்க, "மூணுந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவள், இன்றுவரை எங்கள் வாசல் பக்கம் தலை வைக்கவில்லை. எங்கள் தெருவின் செய்தித் தொடர்பே அறுந்து கிடக்கிறது.

இதையும் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் கட்டுரைக்கு வந்த கேள்விதான் என் தலையில் விழுந்தது. "உங்கள் கண் முன்னே தினமும் நடக்கிற, யாரும் ஏன் என்று கேட்காத ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டு, அது சரியா என்று ஆராய்ந்து எழுதுக." எத்தனை வழக்கம் இருக்கிறது இந்த ஊரில். சுற்றுலா வருகிறவன் நடுரோட்டில் காரை நிறுத்தி மலையைப் படம் எடுக்கிறான், அதை எழுதக் கூடாதா? கல்யாண வீட்டில் மைக்செட் அலறுகிறது, அதை எழுதக் கூடாதா? அவள் ஒருநாள் காலையில், "நானும் கடைக்கு வர்றேங்க" என்றாள். நான் பூரித்துப் போனேன். மடையன். என் தொழிலைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் எழுதப் போகிறாள் என்று தெருக்கோடி வரைக்கும் சொல்லிவிட்டு, சாக்கின்மேல் துண்டை விரித்து உட்காரவைத்து, சவுகத் அலியிடம் டீக்குச் சொல்லி, அவளுக்குச் செய்தே காட்டினேன்.

காய் வாங்குகிறவன் முதலில் என்ன செய்வான் என்று உனக்குத் தெரியும். மூட்டையில் கையை முழங்கை வரைக்கும் விட்டு, அடியிலிருந்து ஒரு கை அள்ளி வெளியே கொண்டுவருவான். மேலே நல்ல காயும் கீழே சொத்தைக் காயும் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பான். உள்ளங்கையில் உருட்டிப் பச்சையைப் பார்த்து, ஒன்றைக் கடித்து, மோந்து, விலை சொல்வான். அதற்குப் பெயர் சாம்பிள். இதையெல்லாம் ஒரு கலெக்டருக்கு விளக்குகிற மாதிரி விளக்கிவிட்டு, கையிலிருந்த காயைப் பக்கத்திலிருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். அங்கேதான் அவள் பேனா நின்றது.

"ஏங்க, அது ஏன் திரும்ப மூட்டைக்குள்ள போகல?"

"அது சாம்பிள்."

"அதான் பாத்தாச்சுல்ல?"

"பாத்த சாம்பிள்."

"பாத்த சாம்பிள் யாருது?"

இருபத்தைந்து வருடமாகக் கடை நடத்துகிறேன், மாப்ளே. என் அப்பன் கடையிலும் அந்த டப்பா இருந்தது. மூட்டைக்கு ஒரு கை. யாரும் கொடு என்று கேட்பதில்லை, யாரும் எடுத்துக்கொள் என்று சொல்வதும் இல்லை. கை தானாக டப்பாவுக்குப் போகும். மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு ஏன் விடுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்ல? நான் வாய் திறப்பதற்குள், மூட்டையை இறக்கிவிட்டு நின்ற குரங்கணிக் கருத்தம்மாளிடம் போய்விட்டாள். "அத்தாச்சி, இத நீங்க ஏன் கேக்குறதில்ல?" என்று. அந்தம்மாவுக்கும் இத்தனை வருடத்தில் யாரோ ஒருத்தர் கேட்பதற்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

"கேட்டா அடுத்த தடவ காயி ஈரமா இருக்குன்னு சொல்லுவாக. அதுக்குப் போகட்டும்னு விட்டுர்றது. நாலு கடைக்கும் போயிப் பாத்துட்டேன்த்தா. பால்சாமிக்குக் கை சிறுசு, ஆனா ரெண்டு தடவ அள்ளுவாரு. நம்ம அண்ணனுக்குக் கை பெருசு. ஒரே அள்ளுதான், ஆனா நெறஞ்ச அள்ளு." இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "தப்பா எடுத்துக்கிடாதீகண்ணே" என்றாள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. டப்பாவை மட்டும் காலால் மேசைக்கு அடியில் தள்ளினேன். உன் அக்காள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அதன்பின் கதவு சாத்தினால் சாத்தினதுதான். தெருவே பழகிவிட்டது. ஒருநாள் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். தனியாகச் சிரிக்கிறாள். முத்துப்பிரியா போனபின் இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, அதுவும் நான் ஒன்றும் சொல்லாமலே. கதவில் காதை வைத்தேன். எழுதியதைத் தானே வாசித்துப் பார்க்கிறாள். மறுநாள் அவள் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து, கண்ணாடியை முதலில் தேடி எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டுரையைப் படித்தேன்.

தலைப்பு: "ஒரு கைப்பிடி: சிறு ஏலக்காய் வியாபாரத்தில் கேட்கப்படாத பங்கு." நன்றாகத்தான் இருந்தது. உலகம் தோன்றிய நாளெல்லாம் இல்லை. நேராக மூட்டைக்குள் கை போகிறது. படிக்கப் படிக்க, யாரோ ஊரான் கதை மாதிரி ரசித்துக்கொண்டே போனேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: "ஆய்வுக்குட்பட்ட வியாபாரியின் வீட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஏலக்காய் விலை கொடுத்து வாங்கப்பட்டதில்லை. இருப்பினும் அந்த வீட்டில் டீ, பாயசம், கேசரி ஆகியவற்றில் மட்டுமின்றி, தலைவலிக்குப் போடும் கசாயத்திலும், துணி வைக்கும் பீரோவிலும் ஏலக்காய் உண்டு. இது நான் நேரில் அறிந்தது. அந்த வீட்டில் சமைப்பவள் நான்."

மாப்ளே, நீயே சொல். எனக்கு அப்பன் வைத்த பெயர் இருக்கிறது, ரேசன் கார்டில் பெயர் இருக்கிறது, கடை போர்டில் ஓர் ஆள் உயரத்துக்குப் பெயர் இருக்கிறது. கடைசியில் நான் ஆய்வுக்குட்பட்ட வியாபாரி. என்னையும் அடியிலிருந்து ஒரு கை அள்ளி, உருட்டி, கடித்து, மோந்து பார்த்துவிட்டாள். அவள் வந்ததும் வராததுமாகக் கேட்டேன்.

"கட்டுன புருசனக் கள்ளன்னு எழுதுவியா?"

"கள்ளன்னு எங்க எழுதிருக்கு? காட்டுங்க."

தேடினேன். இல்லை. அந்த வார்த்தை எங்கேயும் இல்லை. நான்தான் சொல்லியிருந்தேன்.

"ஊர் சிரிக்குமே."

"பேர் போடலங்க. ஒரு வியாபாரின்னுதான் இருக்கு. உங்க தரப்பும் வேணும். மறுதரப்புக்கு ஒரு பத்தி விட்டு வச்சுருக்கேன். எழுதிக் குடுங்க, ஒரு எழுத்து மாத்தாமப் போட்டுர்றேன். ஆனா ஆதாரம் வேணும்."

என் கடை, என் கை, என் டப்பா. எனக்கு ஒதுக்கிய இடம் ஒரு பத்தி. கருத்தம்மாளுக்கு ஒரு பக்கம். இருக்கட்டும் என்று நானும் முத்துப்பிரியா அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தாளில் "உலகம் தோன்றிய நாள் முதலாய்" என்று கை தானாக எழுதியது. கிழித்தேன். இரண்டாம் தாளில் "தொன்றுதொட்டு வரும் இவ்வழக்கமானது" என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். "தொன்றுதொட்டுன்னா எந்த வருசத்துலருந்து? ஆரம்பிச்சது யாரு? குடுக்குறவுகள்ல யாராச்சும் அப்ப சரின்னு சொன்னாகளா?" என்றாள். மூன்றாம் தாளுக்கு ஆள் சேர்க்க டீக்கடைக்குப் போனேன். "எல்லாருந்தானப்பா எடுக்குறாக" என்றான் சவுகத் அலி. கொண்டுபோய்ச் சொன்னேன். "அது ஆதாரம் இல்லங்க, அது தொணைக்கு ஆள் சேக்குறது" என்றாள். காய் காயக் காயக் கொஞ்சம் குறையத்தானே செய்யும், அந்தக் கணக்கில் போகட்டுமே என்றேன். "காய்றதுக்கு மூட்டைக்குள்ளதான இருக்கணும், எதுக்கு டப்பாக்குள்ள வந்து காயுது?" என்றாள். தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல், நம்புகிற ஒன்றை நாலு வரியில் எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. இதை இத்தனை மாதமாக அவள் செய்துகொண்டிருந்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. கட்டுரையை அனுப்பாதே என்று சொல்லமாட்டேன். அனுப்பாவிட்டால் அவளுக்கு இந்த வருடம் போய்விடும், அந்த முகத்தை இன்னொரு தடவை நான் பார்க்கமாட்டேன். ஆனால் விஷயத்தை மாற்றலாம். மைக்செட் இருக்கிறது. அதுவும் முடியாதென்றால், கம்பம் ஊரில் ஒரு வியாபாரி என்று போடச் சொல். கம்பத்துக்காரர்களுக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அவள் நான் சொன்னால் கேட்கமாட்டாள், ஆதாரம் கேட்பாள். நீ சொன்னால் கேட்பாள், ஏனென்றால் நீ பேராசிரியர், உன்னிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. போடி எவ்வளவு பெரிய ஊர்? பேர் போடாவிட்டால் என்ன, பெரிய கை, பிஸ்கட் டப்பா, படிக்கிற பொண்டாட்டி என்றால் இன்னார் என்று ஜீப் ஸ்டாண்டில் நிற்கிற ஆடு சொல்லும். இந்த வயதுக்கு மேல் எனக்கு இந்தத் தலைகுனிவு வேண்டுமா என்று நெஞ்சில் கை வைத்து யோசித்துப் பார்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படிக்க ஆசீர்வாதம். ரொம்பவும் நன்றாக வேண்டாம், அளவாகப் படிக்கட்டும். பொங்கலுக்கு எல்லோரும் வரவேண்டும். பணியாரம் உண்டு. உனக்கு மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்காள் புருசன், பெயர் சொல்லப்படாத
தவசி

பின்குறிப்பு: வியாழக்கிழமை காலை. இதைக் கூரியரில் போடப் போகிற வழியில் சவுகத் அலி கடையில் ஏறினேன். அங்கே பால்சாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பெஞ்சு நிறைய ஆளை உட்காரவைத்து, எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டிருந்தான். விசாரித்தால், காளீஸ்வரி ஒரு வியாபாரியைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டானாம். இந்தக் கடைவீதியில் வியாபாரி என்று எழுத வேறு யார் இருக்கிறார்கள், அது தான்தானாம். "நம்ம கைப்பக்குவம் மெட்ராஸ் வரைக்கும் போயிருச்சுல்ல. தங்கச்சி கூச்சத்துல பேர் போடல" என்கிறான். கூட்டம் தலையை ஆட்டுகிறது. என்னைப் பார்த்து, "தவசியண்ணே, ஒங்க வீட்டுலருந்து எழுதுனாலும் எழுதுனது நம்மளப் பத்தித்தான்" என்று எனக்கும் ஒரு டீ சொன்னான். குடித்துவிட்டு வந்தேன். அதில் ஏலக்காய்கூட இல்லை.

ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. கட்டுரை திங்கட்கிழமை அப்படியே போகட்டும். ஓர் எழுத்து மாறக் கூடாது, ஒன்றைத் தவிர. "ஒரு வியாபாரி" என்று வருகிற இடத்திலெல்லாம் என் முழுப்பெயர், அப்பா பெயர், கடைப் பெயர் போட வேண்டும். பேர் போட ஆதாரம் வேண்டும் என்று அவள் கேட்பாள். இந்தக் கடிதத்தையே காட்டு. டப்பா, அள்ளு, பீரோ எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அப்படியும் சந்தேகமிருந்தால் கருத்தம்மாளை இன்னொரு தடவை கேட்கட்டும். பால்சாமி கை சிறுசு என்று அந்தம்மா சொன்ன வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிட வேண்டாம்.